540 கிலோ காருக்குள் 2 லிட்டர் என்ஜின்: ஏற்றிப் பார்த்த அனுபவம்

லோட்டஸ் செவன் என்ற லேசான பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பாணியில் நான் வீட்டிலேயே கட்டிய கார் இது. 25 மி.மீ. சதுர ஸ்டீல் குழாய்களை வெல்டிங் செய்து எடுத்த சட்டகம், அதன் மேல் அலுமினியத் தகடு, இரண்டு சீட். கதவு கிடையாது. ஃபோர்டின் 1.6 லிட்டர் கிராஸ்ஃப்ளோ என்ஜினைப் போட்டு ஆறு வருடம் ஓட்டினேன். கடைசி வருடத்தில் சிலிண்டர் தேய்ந்து ஆயில் புகை வர ஆரம்பித்தது. சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி பிஸ்டன் மாற்றுவதா, வேறு என்ஜினே ஏற்றிவிடுவதா என்று யோசித்து, இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

பழையதைக் கழற்றி இறக்க ஒரு மதியம்தான் ஆனது. புதியது ரோட்டில் ஓட பதினான்கு மாதம் ஆனது. அந்த மாதங்களில் கற்றுக்கொண்டதை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்த வகைக் காருக்குப் பெரிய என்ஜின் போடுவது புது யோசனை இல்லை. 1957இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் லோட்டஸ் செவனைக் கொண்டுவந்தபோது அதில் இருந்தது 1172 சிசி சைடு வால்வ் என்ஜின். ஐந்து வருடத்துக்குள் 1500 வந்தது, அப்புறம் 1600. 1973இல் கேட்டரம் நிறுவனம் அந்த வடிவமைப்பை வாங்கிய பிறகும் அந்த வரிசை நிற்கவில்லை. கார் லேசாக இருப்பதால் ஒவ்வொரு குதிரைத்திறனும் காலடியில் தெரியும். ஆனால் அதே லேசுத்தன்மையால், முன்னால் கூடும் ஒவ்வொரு கிலோவும் ஸ்டியரிங்கில் தெரியும். அதனால் என்ஜின் தேடும்போது நான் முதலில் கேட்ட கேள்வி, ‘இது எத்தனை கிலோ?’ என்பதுதான். சிசி அதற்கு அப்புறம்.

கையில் இருந்த வாய்ப்புகள் மூன்று, மூன்றும் ஃபோர்டு என்ஜின்கள். பிண்டோ 2 லிட்டர் சுலபமாக உட்காரும், ஆனால் முழுக்க இரும்பு. ஜீடெக் 2 லிட்டருக்கு ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு. டூரடெக் 2 லிட்டருக்கு பிளாக், ஹெட் இரண்டுமே அலுமினியம். நான் எடுத்தது டூரடெக். ஃபோர்டு மொண்டியோவில் வந்தது, 145 பிஎஸ், 190 நியூட்டன் மீட்டர். எடை தூக்கும் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு எடை பார்த்தேன். ஃப்ளைவீல், கிளட்ச் சேர்த்துப் பழைய 1.6 லிட்டர் 118 கிலோ, புதிய 2 லிட்டர் 104 கிலோ. பெரிய என்ஜின் என்றால் கனமான என்ஜின் என்று நினைத்துத் தயங்குபவர்கள் முதலில் தராசைத் தேடுங்கள். பிண்டோவைப் போட்டிருந்தால் முன் ஸ்பிரிங்கிலிருந்து எல்லாமே மாறியிருக்கும்.

இன்னொரு முடிவும் அப்போதே எடுத்தேன், அதில் இன்றும் எனக்குத் திருப்தி. ஃபோர்டு சியராவிலிருந்து எடுத்த டைப் 9 கியர்பாக்ஸ் ஏற்கெனவே காரில் இருந்தது. அதை மாற்றவில்லை. அந்தக் கியர்பாக்ஸை டூரடெக்கோடு இணைக்கும் பெல்ஹவுசிங் தனியாகக் கிடைக்கிறது. கியர்பாக்ஸ் அப்படியே இருந்தால் டனல், கியர் லீவர், புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் அப்படியே இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றியவர்களின் கார்கள் வருடக்கணக்கில் சட்டகமாகவே நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

முழு என்ஜினை வைத்து அளவு பார்க்காதீர்கள். பிஸ்டன் உடைந்து வீணான காலி பிளாக் ஒன்று, மேலே ஒரு வெற்று ஹெட், கீழே சம்ப் (ஆயில் தேங்கும் அடிப் பாத்திரம்), இவ்வளவு போதும். இரண்டு பேர் தூக்கி வைத்து எடுத்து, வைத்து எடுத்து, நான் குறைந்தது இருபது முறை பார்த்திருப்பேன். அதில்தான் தெரிந்தது, மொண்டியோவின் சம்ப் இந்தக் காருக்கு ஆகாது என்று. சட்டகத்தின் அடிக்குழாயைத் தாண்டிக் கிட்டத்தட்ட 60 மி.மீ. கீழே தொங்கியது. வார்ப்பு அலுமினியம் அது. ஸ்டீல் சம்ப் கல்லில் பட்டால் நசுங்கும், அலுமினிய சம்ப் வெடித்துவிடும். ஆயில் மொத்தமும் ரோட்டில் போய்விடும்.

உயரம் குறைந்த சம்ப் ஒன்று வாங்கினேன். ஆழம் குறைந்ததால் பக்கவாட்டில் அகலப்படுத்தி அளவை ஈடுகட்டியிருந்தார்கள். அங்கே வேறொரு சிக்கல் உண்டு. கார் ஒரு ஜி விசையில் (புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு விசை) வளைவில் திரும்பினால், சம்புக்குள் ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்து ஒரு பக்கமாக ஏறிக்கொள்ளும். நல்ல டயர் போட்ட லேசான காருக்கு ஒரு ஜி என்பது சாதாரணம். அந்தச் சில வினாடிகள் ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாய் காற்றை இழுத்தால் பேரிங் போய்விடும். அதனால் சம்புக்குள் தடுப்புத் தகடுகளும், ஆயிலை உள்ளே மட்டும் விடும் சிறு கதவுகளும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பிக்கப் குழாயின் வாய்க்கும் சம்பின் தரைக்கும் உள்ள இடைவெளியையும் அளந்தேன். குழாயின் வாயில் மாடலிங் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி, சம்பை மாட்டி இறுக்கி, மறுபடி கழற்றி, நசுங்கிய களிமண்ணின் தடிமனைக் காலிப்பரில் பார்ப்பதுதான் முறை. எனக்கு 8 மி.மீ. வந்தது. இடைவெளி ரொம்பக் குறைந்தால் ஆயில் வர வழியில்லை, ரொம்பக் கூடினால் காற்று புகும்.

அப்படியும் சம்ப் அடிக்குழாயைவிடக் கொஞ்சம் கீழேதான் இருந்தது. அதற்காக, என்ஜினைத் தாங்கும் முன் மவுண்டிங்குகளை 20 மி.மீ. உயர்த்தினேன். அதன் விளைவு பல மாதம் கழித்து, 95 கி.மீ. வேகத்தில் சீட்டுக்கு அடியில் ஒரு அதிர்வாக வந்தது. டயர் பேலன்ஸ் பார்த்தேன், புரொப்பெல்லர் ஷாஃப்டை பேலன்ஸ் செய்தேன், போகவில்லை. கடைசியில் ஆங்கிள் கேஜை எடுத்து கியர்பாக்ஸின் பின் ஃபிளாஞ்சிலும் டிஃபரன்ஷியல் ஃபிளாஞ்சிலும் வைத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. முன்னால் 20 மி.மீ. தூக்கியதில், 900 மி.மீ. தூரத்தில் இருந்த கியர்பாக்ஸ் மவுண்டிங் வரை மொத்தக் கட்டும் 1.3 டிகிரி சாய்ந்திருந்தது. யுனிவர்சல் ஜாயிண்ட் கோணத்தில் சுழலும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கோணம் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது அழித்துவிடும். என்னுடையதில் சமமாக இல்லை. கியர்பாக்ஸின் வால் பக்கமும் 20 மி.மீ. தகடு வைத்துத் தூக்கினேன். இரண்டு ஃபிளாஞ்சும் மறுபடி இணையாகின, அதிர்வு அன்றைக்கே போனது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: கோணத்தைச் சுத்தமாகப் பூஜ்யம் ஆக்கிவிடாதீர்கள். ஜாயிண்டுக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகள் கொஞ்சமாவது அசைய வேண்டும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் தேய்ந்து குழி விழும். ஒன்றிரண்டு டிகிரி இருக்கட்டும்.

மவுண்டிங் பிராக்கெட் விஷயத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். என்ஜின் தருவது 190 நியூட்டன் மீட்டர். டைப் 9இன் முதல் கியர் விகிதம் 3.65. பெருக்கினால் 694. முதல் கியரில் முழு ஆக்ஸிலரேட்டரில் கியர்பாக்ஸும் என்ஜினும் சேர்ந்து அந்த அளவு முறுக்கத்தோடு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். இரண்டு மவுண்டிங்குக்கும் நடுவில் அரை மீட்டர் என்றால் ஒரு பக்கம் ஏறக்குறைய 140 கிலோ அளவுக்கு மேலே இழுக்கும், மறுபக்கம் அதே அளவு அழுத்தும். கிளட்சைச் சட்டென்று விட்டால் இன்னும் மேலே போகும். பழைய என்ஜினுக்கு இதில் மூன்றில் இரண்டு பங்குதான். நான் பழைய பிராக்கெட்டின் வடிவத்திலேயே 3 மி.மீ. தகட்டில், முக்கோணத் தாங்கல் இல்லாமல் செய்துவிட்டேன்.

200 கி.மீ. ஓடிய பிறகு அடியில் படுத்துப் பார்த்தபோது இடது பிராக்கெட்டில் வெல்டிங் ஓரமாகப் பெயிண்ட் முடி அளவுக்குக் கீறியிருந்தது. அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தை வைத்து இழுத்தால் பிடித்தது. கழற்றி எடுத்து, வெல்டிங் வேலையில் பல வருடம் பழகிய ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வெல்டிங்கைக் குறை சொல்ல முடியாது தம்பி. தகடு மடங்கி மடங்கி நிமிர்ந்திருக்கு. மடங்காத மாதிரி வடிவத்தை மாத்து” என்றார். அவர் சொன்னபடி பெட்டி வடிவில், இரண்டு பக்கமும் முக்கோணத் தகடு வைத்துப் புதிதாகச் செய்தோம். தகட்டின் தடிமன் அதே 3 மி.மீ.தான். அதற்குப் பிறகு கீறல் விழவில்லை. பிராக்கெட் போய் முடியும் சட்டகக் குழாயிலும் நடுவில் வெல்டிங் செய்யாமல், குழாய்கள் கூடும் முனைக்குப் பக்கத்தில் வையுங்கள். இந்தச் சட்டகங்களின் பலம் முழுக்க, குழாய்கள் கூடி உருவாக்கும் முக்கோணங்களில்தான் இருக்கிறது. எக்ஸாஸ்ட் வெளியே போக வழிவிட வேண்டி ஒரு குறுக்குக் குழாயை நானும் வெட்டினேன். ஆனால் வெட்டும் முன்பே அதற்கு மாற்றுக் குழாயை வேறு கோணத்தில் பற்றவைத்துவிட்டேன்.

இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பயத்தைக் கொடுத்த இடம் கிராங்க் புல்லி. பழைய தலைமுறை என்ஜினில் கை பழகியவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. கிராஸ்ஃப்ளோவில் புல்லியைக் கழற்றி மாட்டுவது பெரிய காரியம் இல்லை. சாவி என்ற சின்ன உலோகத் துண்டு ஒன்று இருக்கும், அது உட்காரும் இடத்தில்தான் புல்லி உட்காரும். டூரடெக்கில் சாவி கிடையாது. கிராங்க் முனையில் புல்லியும், அதன் பின்னால் இருக்கும் டைமிங் செயின் ஸ்ப்ராக்கெட்டும், நடு போல்ட்டின் இறுக்கத்தில் உராய்வால் மட்டுமே நிற்கின்றன. கேம் ஷாஃப்ட் ஸ்ப்ராக்கெட்டுகளும் அப்படித்தான். அந்த நடு போல்ட்டை லூஸ் செய்த நொடியே டைமிங், அதாவது பிஸ்டனும் வால்வும் அசையும் நேரப் பொருத்தம், எதோடும் பிணைக்கப்படாமல் சுதந்திரமாகிவிடும்.

இது தெரியாமல், ஆல்டர்னேட்டரை இடம் மாற்றுவதற்காகச் சின்ன புல்லி மாட்டலாம் என்று, நீளமான பார் போட்டு அந்த போல்ட்டைத் திருப்பினேன். ‘டக்’ என்று விட்டது. புல்லி கையோடு வந்தது. அதன் பின்பக்கம் பார்க்கிறேன், சாவிக்கான பள்ளமே இல்லை. வழவழப்பான ஒரு வளையம் மட்டும். அப்போதுதான் மேனுவலை எடுத்துப் படித்தேன். பழைய மாதிரியே இறுக்கி ஸ்டார்ட் செய்திருந்தால் வால்வும் பிஸ்டனும் மோதியிருக்கலாம்.

சரி செய்த முறையைச் சொல்கிறேன். வால்வ் கவரைக் கழற்றினால், இரண்டு கேம் ஷாஃப்டின் பின்முனையிலும் ஒரு வெட்டு இருக்கும். முதல் சிலிண்டர் உச்சியில் இருக்கும்போது, 5 மி.மீ. தடிமனுள்ள தட்டைப் பட்டை ஒன்று இரண்டு வெட்டிலும் நேராக உட்கார வேண்டும். பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு அடைப்பைக் கழற்றி அதில் டைமிங் பின்னைத் திருகினால், கிராங்க் அதில் போய் முட்டி நிற்கும் இடம்தான் உச்சி. புல்லியில் உள்ள ஓட்டை வழியாக 6 மி.மீ. போல்ட் ஒன்றை முன் கவரில் திருகினால் புல்லியும் சரியான இடத்தில் நிற்கும். மூன்றும் பொருந்திய பிறகுதான் நடு போல்ட்டை இறுக்க வேண்டும், அதுவும் புது போல்ட்: 100 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் 90 டிகிரி. அந்த விசையை டைமிங் பின்னும் பட்டையும் தாங்காது, ஃப்ளைவீலைத் தனியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் டைமிங் பின், பட்டை, 6 மி.மீ. போல்ட் மூன்றையும் கழற்றி, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, எல்லாம் மறுபடி பொருந்துகிறதா என்று பார்த்தேன். பொருந்தியது. மனது ஆறுவதற்காக இன்னொரு முறையும் சுற்றிப் பார்த்தேன்.

புல்லி சரியான இடத்தில் நிற்பது இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ. படிக்கும் பல்சக்கரம் அந்தப் புல்லியில்தான் இருக்கிறது. 36 பல்லுக்கான இடம், அதில் ஒன்று காலி. ஒரு பல் தள்ளி உட்கார்ந்தால் 10 டிகிரி. ஸ்பார்க் மொத்தமும் 10 டிகிரி தப்பாக விழும், நீங்களோ மாதக்கணக்கில் மென்பொருளில் கோளாறு தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பெட்ரோல் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்புரேட்டருக்கு 0.2 பார் அழுத்தம் போதும், இன்ஜெக்‌ஷனுக்கு 3 பார் வேண்டும். அதனால் பழைய ஹோஸ், பழைய கிளாம்ப் எதையும் விட்டுவைக்காதீர்கள். இன்ஜெக்‌ஷனுக்கென்றே உள்ள ஹோஸை மட்டும் போடுங்கள். தடுப்பு இல்லாத டேங்க் என்றால் வளைவில் பெட்ரோல் ஒதுங்கி பம்ப் காற்றைக் குடிக்கும். பம்புக்கு எப்போதும் பெட்ரோல் இருக்கும்படி ஒன்றரை லிட்டர் சுழல் பாத்திரம் ஒன்றை நடுவில் வைத்தேன், அந்தத் தொல்லை வரவே இல்லை.

குளிர்விப்புக்கு நான் நினைத்ததைவிட அதிக நாள் போனது. செவன் வகைக் காரில் மூக்கு தாழ்வு. ரேடியேட்டரின் தலையைவிட சிலிண்டர் ஹெட் உயரத்தில் இருக்கும். தண்ணீர் ஊற்றினால் காற்று ஹெட்டின் உச்சியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். முதல் நாள் மீட்டர் முள் 70இலேயே அமைதியாக நின்றது. நன்றாகக் குளிர்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஹோஸைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை. சென்சார் தண்ணீரில் இல்லாமல் காற்றுக் குமிழிக்குள் இருந்தது, அதனால் பொய் சொன்னது. சட்டென்று முள் 110க்குத் தாவியது. உடனே என்ஜினை நிறுத்தினேன். தண்ணீர் நிரப்பும் ஹெடர் டேங்கை, என்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவில் உள்ள தடுப்பான ஃபயர்வாலில் எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றி, ஹெட்டின் உச்சியிலிருந்தும் ரேடியேட்டரின் உச்சியிலிருந்தும் தலா ஒரு மெல்லிய ஹோஸை அதற்குக் கொண்டுபோன பிறகு, காற்று தானாக வெளியேற ஆரம்பித்தது. மூடி ஒரு பார் அழுத்தம் தாங்கும் வகை. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காது. காற்று உள்ளே வருவதை மட்டும் பார்க்காமல், ரேடியேட்டரைத் தாண்டிய காற்று எந்த வழியாக வெளியே போகும் என்றும் பாருங்கள். பெரிய என்ஜின் அந்த வழியை அடைத்துக்கொண்டுதான் உட்காரும். நான் பானெட்டின் பக்கவாட்டில் திறப்பு வெட்டிய பிறகு ஃபேன் ஓடும் நேரம் கண்ணெதிரே குறைந்தது.

புது என்ஜினின் எக்ஸாஸ்ட் என் காரில் ஸ்டியரிங் ஷாஃப்ட் பக்கம் வந்தது, பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரு சாண் தூரத்தில். பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் வெறுமனே உள்ளே போகும். நடுவில் காற்று ஓடும் இடைவெளி விட்டு இரண்டு அடுக்குத் தகடு வைத்தேன். இதை அழகுக்காக ஒத்திப்போடாதீர்கள், முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பிரேக்கைப் பற்றி எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு: அது என்ஜினுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். முன்பு 80இல் போய்ச் சேர்ந்த வளைவுக்கு இப்போது 120இல் போய்ச் சேர்ந்தால், பிரேக் விழுங்க வேண்டிய வெப்பம் 2.25 மடங்கு. கார் கனமாகாததால் பழைய பிரேக் போதும் என்று பலர் சொல்கிறார்கள். ஒரு முறை நிறுத்தப் போதும்தான், அடுத்தடுத்து ஐந்து முறை நிறுத்த அது போதாது. முன்னால் காற்றோட்டமுள்ள டிஸ்க் மாற்றினேன், பின்பக்கம் முந்திப் பூட்டாதபடி சமநிலையைச் சரிபார்த்தேன்.

டிஃபரன்ஷியலையும் 3.92இலிருந்து 3.62க்கு மாற்றினேன். இழுவை தாராளமாக இருக்கும்போது முதல் கியர் சட்டென்று தீர்ந்துவிடுகிறது. டைப் 9இல் முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் (3.65, 1.97) இருக்கும் பெரிய பள்ளம் எல்லோரும் குறை சொல்லும் விஷயம். சின்ன என்ஜினில் அந்த இடத்தில் என்ஜின் சோர்ந்துபோகும். 2 லிட்டரில் கீழ்ச் சுழற்சியிலேயே இழுவை இருப்பதால் அந்தப் பள்ளம் தெரியவே இல்லை. இந்த மாற்றத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதிக வேகத்தைவிட இதுதான்: மூன்றாவது கியரில் போட்டுவிட்டு மலைப்பாதை முழுக்கக் காலை மட்டும் அசைத்து ஓட்டலாம்.

என்ஜின் எண்ணும் சிசியும் மாறியதைப் பதிவிலும் காப்பீட்டிலும் எழுதி மாற்றிக்கொள்ளுங்கள். விதிகள் இடத்துக்கு இடம் வேறு. ஆனால் சொல்லாமல் விட்டால் விபத்து நேரும் அன்றைக்குக் காப்பீடு கைவிடக்கூடும். வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள், சில இடங்களில் என்ஜினின் வயதே புகை விதியைத் தீர்மானிக்கும்.

முதல் ஸ்டார்ட் அன்று ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆயில் அழுத்தம் மீட்டரில் ஏறும் வரை ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்றினேன். அப்புறம் பிளக் மாட்டி, ஃபியூஸ் போட்டு, சாவியைத் திருப்பினேன். இரண்டாவது சுற்றில் பிடித்தது. வெல்டிங் அண்ணன் பக்கத்தில் நின்று பானெட் விளிம்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஓட ஆரம்பித்ததும் நாலு சக்கரத்துக்கும் தனித்தனித் தராசு வைத்து, நான் சீட்டில் உட்கார்ந்து எடை பார்த்தோம். முன்பக்கம் லேசானதால் மூக்கு 6 மி.மீ. மேலே நின்றிருந்தது. ஸ்பிரிங்கை மாற்றவில்லை, அதன் இருக்கையை மட்டும் திருகி இறக்கினோம். எதிர்மூலைச் சக்கரங்களின் கூட்டு எடையைச் சமன் செய்ததும், ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் வரும் தயக்கம் போய்விட்டது.

இப்போது 3,000 கி.மீ. ஆகிறது. நான் இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் மேலும், போல்ட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்காக மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். நகர்ந்தால் கோடு விலகித் தெரியும். முதல் 100, 300, 500 கி.மீ.யில் டார்ச்சோடு அடியில் போய்ப் பார்த்தேன். முதல் முறை கியர்பாக்ஸ் மவுண்டிங்கில் ஒரு கோடு அரை மி.மீ. விலகியிருந்தது. நைலான் நட்டை எடுத்துவிட்டு, வெப்பத்தில் தளராத முழு உலோக லாக் நட்டு போட்டு இறுக்கினேன். அடுத்த இரண்டு முறையும் எல்லாக் கோடுகளும் போட்ட இடத்திலேயே இருந்தன.